மருத்துவக் கட்டுரை கையில் கிடைக்க இண்டெக்ஸிங் எப்படி உதவுகிறது?

கேள்வி: கூகுளில் நாலு சொல் தட்டினால் மருத்துவக் கட்டுரைகள் கொட்டுகின்றன. அப்படியிருக்க, ‘இண்டெக்ஸ் ஆன ஜர்னலா?’, ‘மெஷ் சொல் போட்டுத் தேடினீர்களா?’ என்று ஆய்வேட்டு வழிகாட்டிகள் ஏன் கேட்கிறார்கள்? தேடுகிறவருக்கும் எழுதுகிறவருக்கும் நடைமுறையில் இதனால் என்ன பயன்?

பதில்:

உண்மையான ஒரு தேடலிலிருந்தே தொடங்குகிறேன். மஞ்சள் அரளி விதையைத் தின்றுவிட்டு வருகிற நோயாளிக்கு, விஷத்தை உறிஞ்சும் மருத்துவக் கரியைப் பல வேளை கொடுத்தால் உயிரைக் காப்பாற்ற முடியுமா? தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அவசர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்கள் முன்னால் நிஜமாகவே வந்து நிற்கும் கேள்வி இது.

மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இலவச இணையதளமான பப்மெட்டில் ‘யெல்லோ ஓலியாண்டர்’ (மஞ்சள் அரளி), ‘சார்கோல்’ (கரி) ஆகிய சொற்களைத் தலைப்பில் மட்டும் தேடுங்கள். 2003-இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஓர் இலங்கை ஆய்வு கிடைக்கும். 401 நோயாளிகள். பல வேளை கரி பெற்றவர்களில் 5 பேர் இறந்தார்கள், மற்றக் குழுவில் 16 பேர். இதை மட்டும் படித்தவர் கரி கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்வார். ஆனால் அதே ‘லான்செட்’டில் 2008-இல் இன்னொரு இலங்கை ஆய்வு வந்தது. 4,632 நோயாளிகள், மூன்று குழுக்கள். கரியே பெறாதவர்களில் 6.8 சதவீதம் பேரும், ஒரு வேளை பெற்றவர்களில் 7.1 சதவீதம் பேரும், பல வேளை பெற்றவர்களில் 6.3 சதவீதம் பேரும் இறந்தார்கள். சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. அந்த நோயாளிகளில் 1,647 பேர் மஞ்சள் அரளி விதை தின்றவர்கள். இருந்தும் அந்தக் கட்டுரையின் தலைப்பில் அரளி என்ற சொல்லே இல்லை, ‘தற்கொலை முயற்சியாக விஷம் அருந்தியவர்கள்’ என்று பொதுவாகத்தான் இருக்கிறது. தலைப்பை நம்பித் தேடியவருக்குப் பத்து மடங்கு பெரிய ஆய்வு கண்ணில் படாமலே போயிருக்கும். சிகிச்சை முடிவும் அதற்கேற்ப மாறியிருக்கும்.

இரண்டு ஆய்வுகளில் எதை ஏற்பது என்பது தனி விவாதம். ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காமல் போனால் அந்த விவாதத்துக்கே இடமில்லை. கட்டுரையாசிரியர் எந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருந்தாலும், தேடுகிறவர் எந்தச் சொல்லைத் தட்டினாலும், இருவரும் ஒரே இடத்தில் சந்திக்கும்படி ஏற்பாடு செய்வதுதான் இண்டெக்ஸிங். கட்டுரை எதைப் பற்றியது என்று காட்ட இண்டெக்ஸில் இடப்படும் பொருட்சொற்களில் ‘சார்கோல்’, ‘பாய்ஸனிங்’ என்ற இரண்டோடு, ‘ராண்டமைஸ்டு கன்ட்ரோல்டு ட்ரையல்’ (நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடுவது) என்ற ஆய்வு வகையையும் சேர்த்துத் தேடினால், தலைப்பில் என்ன இருந்தாலும் இரண்டு ஆய்வுகளும் ஒரே பட்டியலில் வந்துவிடும்.

இந்த வேலை கணினிக்கு முந்தையது. அமெரிக்க ராணுவ மருத்துவர் ஜான் ஷா பில்லிங்ஸ், ராபர்ட் ஃபிளெச்சருடன் சேர்ந்து 1879-இல் ‘இண்டெக்ஸ் மெடிகஸ்’ என்ற இதழைத் தொடங்கினார். புதிதாக வந்த மருத்துவக் கட்டுரைகளைப் பொருள்வாரியாகப் பட்டியலிடுவதே அதன் வேலை. பிற்பாடு மேரிலாந்து மாநிலம் பெத்தெஸ்டாவில் உள்ள அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் அதைத் தொடர்ந்தது. 1964-இல் கணினிக்கு மாற்றியது, 1971-இல் மெட்லைனைத் தொடங்கியது, 1997 ஜூனில் பப்மெட் வழியாக எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. அச்சுப் பிரதி 2004-ஆம் ஆண்டோடு நின்றது. இன்று பப்மெட்டில் மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் சேர்கின்றன.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும், ஏனென்றால் பாதிப் பிழைகள் அங்கிருந்துதான் வருகின்றன. பப்மெட், மெட்லைன், பப்மெட் சென்ட்ரல் மூன்றும் ஒன்றல்ல. மெட்லைன் என்பது தேர்வுக் குழு பரிசீலித்து ஏற்ற சுமார் 5,200 ஜர்னல்களின் கட்டுரைகள் அடங்கிய தொகுப்பு. அவற்றுக்கு மட்டுமே மெஷ் எனப்படும் பொருட்சொற்கள் இடப்படும். பப்மெட் சென்ட்ரல் 2000-இல் தொடங்கிய முழுக்கட்டுரைக் களஞ்சியம். அதில் உள்ள கட்டுரைகளுக்கும் பப்மெட்டில் பதிவு உண்டு, ஆனால் ஜர்னல் மெட்லைனில் இல்லையென்றால் அந்தப் பதிவுக்கு மெஷ் சொல் இருக்காது. பப்மெட் இந்த இரண்டையும் வேறு சிலவற்றையும் சேர்த்துக் காட்டும் தேடுதளம். ஆகவே ‘பப்மெட்டில் இருக்கிறது’ என்ற ஒரே வாக்கியத்துக்குள் தரத்திலும் தேடக் கிடைப்பதிலும் வேறுபட்ட நிலைகள் அடங்கியிருக்கின்றன.

மெஷ் என்ன செய்கிறது

மெஷ் 1960-இல் முதலில் வெளியான கட்டுப்படுத்தப்பட்ட சொற்பட்டியல். இப்போது 30,000-க்கும் மேற்பட்ட தலைச்சொற்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கருத்துக்கும் ஒரே ஒரு தலைச்சொல், அதற்குக் கீழே அதே பொருள் தரும் மற்றப் பெயர்கள். நம் ஊர் மருத்துவர்களுக்கு இது மிகவும் தேவைப்படும் இடம் மருந்துப் பெயர்கள். நாம் பாராசிட்டமால் என்கிறோம், மெஷ்ஷில் தலைச்சொல் அசிட்டமினோஃபென். சால்பியூட்டமால் அங்கே ஆல்பியூட்டரால். அட்ரினலின் எபிநெஃப்ரின். பெத்திடின் மெப்பெரிடின். லிக்னோகெய்ன் லிடோகெய்ன். காலா-அசார் என்று தேடுகிறவருக்கு ‘விசெரல் லீஷ்மானியாசிஸ்’ என்ற தலைச்சொல்லின் கீழ்தான் மொத்தமும் கிடைக்கும். பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலில் ‘அனீமியா’ என்று எழுதினவரையும் அமெரிக்க எழுத்துக்கூட்டலில் எழுதினவரையும் இதுவே ஒன்றுசேர்க்கிறது.

சொற்கள் மரக்கிளை போல 16 பெரும்பிரிவுகளில் அடுக்கப்பட்டுள்ளன. ‘பாய்ஸனிங்’ என்ற சொல்லுக்குக் கீழே ‘பிளாண்ட் பாய்ஸனிங்’, ‘ஆர்கனோபாஸ்பேட் பாய்ஸனிங்’ முதலியவை வரும். மேலே உள்ள சொல்லைத் தேடினால் கீழே உள்ளவை தானாகச் சேர்ந்துகொள்ளும். தாவரப் பெயர்களும் உண்டு. மஞ்சள் அரளிக்கு ‘தெவீஷியா’, செவ்வரளிக்கு ‘நீரியம்’. இரண்டும் வெவ்வேறு செடிகள், இரண்டின் விஷமும் இதயத்தைத் தாக்கும். ஆங்கிலத்தில் வெறும் ‘ஓலியாண்டர்’ என்று தேடினால் இரண்டும் கலந்து வரும். எந்தச் செடி என்று பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் மெஷ் சொல்லை விட்டால் வேறு நல்ல வழியில்லை.

இவற்றோடு துணைத்தலைப்புகளும் உண்டு. நோய்க்கு அடுத்து ‘மருந்து சிகிச்சை’, ‘தடுப்பு’, ‘இறப்பு’ என்றும், மருந்துக்கு அடுத்து ‘பக்கவிளைவு’, ‘நச்சு’ என்றும் சேர்க்கலாம். வயதுப் பிரிவும் குறிக்கப்படும். கைக்குழந்தை என்றால் 1 முதல் 23 மாதம், பள்ளிக்கு முந்தைய வயது 2 முதல் 5, குழந்தை 6 முதல் 12, வளரிளம் பருவம் 13 முதல் 18. இந்த எல்லைகள் உங்கள் ஆய்வின் வயது எல்லையோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே வடிகட்டியைப் பயன்படுத்துங்கள்.

மெஷ்ஷின் அருமை பழைய கட்டுரைகளில் முழுதாகத் தெரியும். மெட்லைன் பதிவுகளில் கட்டுரைச் சுருக்கம் சேர்க்கத் தொடங்கியது 1975-இல்தான். அதற்கு முந்தைய பதிவில் தலைப்பும் பொருட்சொல்லும் மட்டுமே இருக்கும். சுருக்கத்தில் சொல் தேடுகிற பழக்கத்தில் இருப்பவருக்கு அந்தக் காலம் முழுதும் இருட்டு.

தேடலை எப்படிக் கட்டுவது

அரளி உதாரணத்தையே வைத்துக்கொள்வோம். கேள்வியில் நோயாளி யார், என்ன சிகிச்சை, எதோடு ஒப்பீடு, என்ன விளைவு என்ற நான்கு பகுதிகள் இருக்கும். நான்கையும் தேடலில் போடாதீர்கள். விளைவு பெரும்பாலும் சுருக்கத்தில் வேறு சொல்லில் இருக்கும், ஒப்பீடு சொல்லப்படாமலே இருக்கும். நோயாளியையும் சிகிச்சையையும் போட்டு, பட்டியல் மிகப் பெரிதானால் மட்டும் ஆய்வு வகையைச் சேர்ப்பது பாதுகாப்பான வழி.

ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு விதச் சொற்கள் வேண்டும். ஒன்று மெஷ் சொல். இன்னொன்று தலைப்பிலும் சுருக்கத்திலும் ஆசிரியர்கள் எழுதக்கூடிய எல்லா வடிவங்களும். அரளிக்கு மெஷ்ஷில் ‘தெவீஷியா’. சாதாரணச் சொற்களாக ‘யெல்லோ ஓலியாண்டர்’, ‘தெவீஷியா பெருவியானா’, ‘கஸ்கபேலா தெவீஷியா’, பழைய கட்டுரைகளில் வரும் ‘தெவீஷியா நெரியிஃபோலியா’. தாவரவியலில் பெயர் மாறும்போதெல்லாம் பழைய பெயரை விட்டுவிடாமல் சேர்க்க வேண்டும். இவற்றை ‘ஆர்’ (OR) என்ற இணைப்பால் கோத்து அடைப்புக்குறிக்குள் வையுங்கள். கரிக்கும் இதேபோல் ஓர் அடைப்பு. இரண்டு அடைப்புகளையும் ‘ஆண்ட்’ (AND) என்று இணையுங்கள். இணைப்புச் சொற்களை ஆங்கிலப் பெரிய எழுத்தில் தட்ட வேண்டும். அடைப்புக்குறி இல்லாமல் எழுதினால் பப்மெட் இடமிருந்து வலமாக அப்படியே கணக்கிடும், நீங்கள் நினைத்த கேள்வி வேறாகிவிடும்.

மேலே சொன்ன 2008 ஆய்வைப் போன்றவை பொதுத்தலைப்பில் ஒளிந்திருக்கும் என்பதால், குறுகிய சொல்லோடு நிற்காமல் அதற்கு மேலே உள்ள சொல்லையும் நோயாளிப் பகுதியில் சேர்க்க வேண்டும். ‘தெவீஷியா’வோடு ‘பாய்ஸனிங்’, ‘பிளாண்ட் பாய்ஸனிங்’ ஆகியவற்றையும் சேருங்கள். பட்டியல் பெரிதாகும். அந்தக் கூடுதல் நூறு தலைப்புகளைக் கண்ணால் பார்த்துத் தள்ளுவது ஒரு மணி நேர வேலை. ஒரு பெரிய ஆய்வைத் தவறவிடுவதற்கு அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுப்பது மேல்.

தேடி முடித்ததும் ‘அட்வான்ஸ்டு’ பக்கத்தில் தேடல் விவரத்தைத் திறந்து படியுங்கள். நீங்கள் தட்டியதைப் பப்மெட் எப்படிப் புரிந்துகொண்டது என்று அங்கே இருக்கும். குறி எதுவும் இல்லாமல் தட்டினால் அது தானாகவே பொருந்தும் மெஷ் சொல்லையும் ஒத்த சொற்களையும் சேர்க்கிறது. பெரும்பாலும் நல்லது, சில நேரம் தொடர்பில்லாத சொல்லைச் சேர்த்துவிடும். மேற்கோள்குறி போட்டாலோ உடுக்குறி (*) போட்டாலோ இந்தச் சேர்க்கை நின்றுவிடும். பலரும் ‘துல்லியமாக இருக்கட்டும்’ என்று மேற்கோள்குறி போட்டுவிட்டு மெஷ்ஷை இழப்பது இப்படித்தான். இன்னொன்று, மேற்கோள்குறிக்குள் போட்ட தொடர் பப்மெட்டின் தொடர்ப்பட்டியலில் இல்லையென்றால், குறியைப் புறக்கணித்துச் சொற்களைத் தனித்தனியாகத் தேடும். மேலே சிறிய எச்சரிக்கை வரும், கவனித்துப் பாருங்கள். சொற்கள் அருகருகே இருந்தால் போதும் என்றால் 2022 முதல் உள்ள அண்மைத் தேடல் உதவும். இத்தனை சொல் இடைவெளிக்குள் என்று எண்ணைக் கொடுத்துவிடலாம்.

தேடல் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க ஒரு வழி உண்டு, செய்கிறவர்கள் குறைவு. உங்கள் கேள்விக்குக் கட்டாயம் வர வேண்டிய ஐந்தாறு கட்டுரைகளை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அவற்றின் பிஎம்ஐடி எண்களை (பப்மெட் ஒவ்வொரு பதிவுக்கும் தரும் தனி எண்) ‘ஆர்’ போட்டுக் கோத்து, உங்கள் தேடலோடு ‘ஆண்ட்’ போடுங்கள். ஆறும் வந்தால் சரி. நாலுதான் வந்தால் விடுபட்ட இரண்டின் பதிவையும் திறந்து அவற்றில் என்ன மெஷ் சொல் இருக்கிறது, சுருக்கத்தில் என்ன சொல் இருக்கிறது என்று பார்த்து அதைச் சேருங்கள். இரண்டு மூன்று சுற்றில் தேடல் திருந்திவிடும்.

எங்கே தவறும்

மெஷ்ஷை மட்டும் நம்பினால் புதிய கட்டுரைகள் விடுபடும். பதிப்பகம் அனுப்பிய பதிவு முதலில் பொருட்சொல் இல்லாமல்தான் பப்மெட்டுக்கு வருகிறது. மெட்லைனில் இல்லாத ஜர்னல் என்றால் எப்போதுமே பொருட்சொல் வராது. இந்திய, இலங்கை ஜர்னல்களில் கணிசமானவை இந்த வகை. அதனால்தான் மேலே ஒவ்வொரு பகுதிக்கும் இருவகைச் சொல்லும் வேண்டும் என்றேன்.

இதே காரணத்தால் இடப்பக்கத்தில் உள்ள வடிகட்டிகள் ஆபத்தானவை. ‘மனிதர்கள்’ என்றோ வயதுப்பிரிவு என்றோ தேர்ந்தெடுத்தால், அது மெஷ் குறியைப் பார்த்தே வடிகட்டுகிறது. குறி இடப்படாத பதிவு மனிதர்கள் பற்றியதாக இருந்தாலும் விடுபட்டுப்போகும். விலங்கு ஆய்வுகளை விலக்க வேண்டுமென்றால், ‘விலங்கு என்று குறியிடப்பட்டு, மனிதர் என்று குறியிடப்படாதவை’ என்ற தொகுதியை எடுத்து அதை ‘நாட்’ (NOT) போட்டு நீக்குவதே சரியான முறை. அப்போது குறியில்லாதவை தப்பிப் பிழைக்கும்.

மெஷ் ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. ஒரு நோய்க்குப் புதிய தலைச்சொல் வரும்போது பழைய கட்டுரைகள் எல்லாவற்றுக்கும் அது பின்னோக்கிப் போடப்படும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கோவிட்-19 முதலில் 2020-இல் துணைச்சொல்லாக வந்து, 2021 பதிப்பில்தான் தலைச்சொல்லானது. ஒவ்வொரு சொல்லின் பக்கத்திலும் அது எந்த ஆண்டு வந்தது, அதற்கு முன் எந்தச் சொல்லின் கீழ் இருந்தது என்ற குறிப்பு இருக்கும். பத்தாண்டுகளுக்கு மேல் பின்னோக்கித் தேடுகிறவர் அந்தக் குறிப்பைப் படிக்காமல் தேடலை முடிக்கக் கூடாது.

இண்டெக்ஸ் எந்த ஆண்டிலிருந்து தொடங்குகிறது என்பதும் உயிர்ப் பிரச்சினை ஆகலாம். 2001-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா ஆய்வு ஒன்றில், நலமாக இருந்த 24 வயது தன்னார்வலர் ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை மூச்சில் இழுத்த பிறகு நுரையீரல் பாதிக்கப்பட்டு இறந்தார். அந்த மருந்து நுரையீரலைப் பாதிக்கும் என்று 1950-களிலேயே கட்டுரைகள் வந்திருந்தன. ஆய்வுக்கு முன் நடந்த தேடல் பப்மெட்டைச் சார்ந்திருந்தது, அன்றைய பப்மெட் 1966 வரை மட்டுமே பின்னோக்கிப் போனது. பிற்பாடு அதற்கு முந்தைய ‘இண்டெக்ஸ் மெடிகஸ்’ பதிவுகளும் சேர்க்கப்பட்டு, மெட்லைன் பதிவுகள் இன்று 1946 வரை போகின்றன. பழைய மருந்தை ஆராய்கிறவர்கள் அதற்கும் முந்தைய அச்சுத் தொகுதிகளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதை இந்தச் சம்பவம் கற்றுக்கொடுத்தது.

பப்மெட் முதல் பக்கத்தில் ‘மிகப் பொருத்தமானவை’ என்ற வரிசையில்தான் காட்டுகிறது. முதல் பத்தைப் பார்த்துவிட்டு நிறுத்துகிறவர் கணினியின் ஊகத்தைப் படிக்கிறார். தேதி வரிசைக்கு மாற்றிக் கடைசி வரை பாருங்கள்.

கூகுள் ஸ்காலர் பற்றியும் சொல்ல வேண்டும். முழுக்கட்டுரைக்குள் சொல் தேடுவது அதன் பலம். ஆய்வுமுறைப் பகுதியில் மட்டும் வரும் ஒரு கருவிப் பெயரைப் பப்மெட் காட்டாது, அது காட்டும். ஆனால் அங்கே கட்டுப்படுத்தப்பட்ட சொல் இல்லை, ஜர்னல் தேர்வு இல்லை, எவ்வளவு கிடைத்தது என்று சொன்னாலும் முதல் 1,000 முடிவுகளுக்கு மேல் காட்டாது, அதே தேடலை அடுத்த மாதம் செய்தால் அதே முடிவு வரும் என்று உறுதி கிடையாது. அதைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அதன் மேல் ஆய்வேட்டைக் கட்டக் கூடாது.

இண்டெக்ஸின் இன்னொரு பயன் பலருக்குத் தெரிவதில்லை. கட்டுரை திரும்பப் பெறப்பட்டால் அந்தப் பதிவின் மேலேயே எச்சரிக்கை வந்துவிடும். எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட 1998 ‘லான்செட்’ கட்டுரையை அந்த இதழ் 2010-இல் திரும்பப் பெற்றது. பப்மெட்டில் திறந்தால் அது கண்ணில் படாமல் போகாது. யாரோ பகிர்ந்த பிடிஎஃப் கோப்பில் அந்த எச்சரிக்கை இருக்காது.

மற்ற இண்டெக்ஸ்கள்

மெட்லைன் ஒன்று போதாது. எம்பேஸ் மருந்துகளிலும் ஐரோப்பிய ஜர்னல்களிலும் வலுவானது, அதற்கு எம்ட்ரீ என்ற தனிச் சொற்பட்டியல் உண்டு. பப்மெட் தேடலை அப்படியே அங்கே ஒட்டினால் வேலை செய்யாது, ஒவ்வொரு சொல்லையும் மாற்ற வேண்டும். செவிலியர் துறைக்குச் சினால். சிகிச்சைகளை ஒப்பிடும் கட்டுப்பாட்டு ஆய்வுகளுக்குக் காக்ரேன் அமைப்பின் சென்ட்ரல் என்ற தொகுப்பு.

ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ் இரண்டும் மேற்கோளைப் பின்தொடர்வதில் வலுவானவை. யூஜின் கார்ஃபீல்டு 1964-இல் சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸை வெளியிட்டபோது ஒரு புது வழி திறந்தது. ஒரு கட்டுரையை யார் யார் பின்னர் மேற்கோள் காட்டினார்கள் என்று முன்னோக்கிப் போகலாம். 2003 அரளி ஆய்வைப் பிடித்துவிட்டால், அதை மேற்கோள் காட்டியவற்றின் வழியே 2008 ஆய்வுக்குச் சொல் எதுவும் தேடாமலே போய்ச் சேரலாம். சொல் தேடல் முடிந்தபின் முக்கியமான ஐந்து கட்டுரைகளுக்காவது முன்னும் பின்னும் இப்படிப் போய்ப் பாருங்கள். பப்மெட்டிலேயே ‘ஒத்த கட்டுரைகள்’, ‘மேற்கோள் காட்டியவை’ என்ற இரண்டு இணைப்புகள் இலவசமாக இருக்கின்றன.

நம் பகுதி ஆய்வுகளுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் குளோபல் இண்டெக்ஸ் மெடிகஸைப் பார்க்காமல் விடக் கூடாது. அதில் தென்கிழக்காசியப் பிரிவான இம்சியர், இந்திய, இலங்கை ஜர்னல்களைத் திரட்டுகிறது. இலங்கை இதழ்களுக்கு எஸ்எல்ஜால் என்ற இணையத் தொகுப்பும் உண்டு. கட்டுரையாக வராமல் நின்றுபோன ஆய்வுகளுக்கு 2007-இல் தொடங்கிய இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சிடிஆர்ஐ. பதிவாகி, முடிவு வெளிவராத ஆய்வு இருக்கிறதா என்று அங்கேதான் தெரியும்.

இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் மஞ்சள் அரளி விஷத்துக்கு ஆளான 170 பேரைப் பற்றிய ஆய்வு 1988-இல் ‘ஃபொரன்சிக் சயன்ஸ் இன்டர்நேஷனல்’ இதழில் வந்தது. இண்டெக்ஸ் ஆன இதழ் என்பதால்தான் அந்தப் போர்க்கால அனுபவம் இன்றைக்கும் உலகின் எந்த மூலையிலிருந்து தேடினாலும் கிடைக்கிறது. அதே காலத்தில் உள்ளூர்ச் சிறப்பு மலர்களிலும் மாநாட்டுத் தொகுப்புகளிலும் மட்டும் அச்சாகி நின்றுபோன பணிகள் எத்தனையோ. நல்ல ஆய்வு செய்துவிட்டு அதை யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாத இடத்தில் வெளியிடுவது பெரிய இழப்பு.

எழுதுகிறவர் செய்ய வேண்டியது

2022 ஏப்ரல் முதல் மெட்லைனில் பொருட்சொல் இடுவது முழுதும் தானியங்கி. பெரும்பாலான பதிவுகள் 24 மணி நேரத்துக்குள் குறியிடப்படுகின்றன, மனிதர்கள் ஒரு பகுதியைச் சரிபார்க்கிறார்கள். முன்பு பயிற்சி பெற்றவர்கள் முழுக்கட்டுரையைப் புரட்டிப் பார்த்துச் சொல் இட்டார்கள். இப்போது நிரல் நம்புவது முக்கியமாகத் தலைப்பையும் சுருக்கத்தையும்தான். இதன் விளைவை ஆசிரியர்கள் இன்னும் முழுதாக உணரவில்லை. ஆய்வுமுறைப் பகுதியில் மட்டும் ‘குழந்தைகள்’ என்றோ ‘மஞ்சள் அரளி’ என்றோ எழுதினால் அது குறியாக வராமலே போகலாம்.

ஆகவே தலைப்பில் நோயும் தலையீடும் ஆய்வு வகையும் இருக்கட்டும். கேள்வி வடிவில் கவர்ச்சியாக எழுதிய தலைப்பு தேடலில் காணாமல் போகும். சுருக்கத்தில் வயது, இடம், மருந்தின் பொதுப்பெயர், செடி அல்லது கிருமியின் அறிவியல் பெயர், எண்ணிக்கை ஆகியவற்றை எழுதுங்கள். பாராசிட்டமால் என்று எழுதினால் போதும், மெஷ் அதை அறியும். ஆனால் வணிகப் பெயரையோ துறைக்குள் மட்டும் புழங்கும் சுருக்கெழுத்தையோ விரிக்காமல் எழுதினால் சிக்கல். திறவுச்சொற்கள் கேட்கும்போது தலைப்பில் உள்ளதையே திரும்ப எழுதாமல், தலைப்பில் இடம்பெறாத மாற்றுப் பெயர்களை எழுதுங்கள். பப்மெட்டின் தலைப்பு-சுருக்கத் தேடல் திறவுச்சொற்களையும் சேர்த்தே பார்க்கிறது.

தமிழர்களுக்குப் பெயரில் ஒரு தனிச் சிக்கல். குடும்பப் பெயர் இல்லாமல் தந்தை பெயரின் முதலெழுத்தை வைத்திருக்கிறோம். ராமசாமி மகன் செந்தில்குமார் ஒரு ஜர்னலில் ‘செந்தில்குமார் ஆர்’, இன்னொன்றில் ‘ராமசாமி எஸ்’, மூன்றாவதில் ‘குமார் ஆர்எஸ்’ என்று பதிவாகிறார். இண்டெக்ஸில் இவர்கள் மூன்று பேர். முதல் கட்டுரை அனுப்பும்போதே எது கடைசிப் பெயர் என்று முடிவு செய்து, கடைசி வரை அதையே எழுதுங்கள். ஆய்வாளருக்கான தனி அடையாள எண்ணாக 2012-இல் வந்த ஆர்கிட் எண்ணை எடுத்து ஒவ்வொரு கட்டுரையோடும் இணையுங்கள். இலவசம்தான், ஐந்து நிமிட வேலை.

ஜர்னலைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் முகப்பில் உள்ள சின்னங்களை நம்ப வேண்டாம். தேசிய மருத்துவ ஆணையம் பதவி உயர்வுக்கு ஏற்கும் பட்டியலில் மெட்லைன், பப்மெட் சென்ட்ரல், சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ், எம்பேஸ், ஸ்கோபஸ், டிஓஏஜே (இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் ஜர்னல்களின் பட்டியல்) ஆகியவை இருக்கின்றன. ‘கூகுள் ஸ்காலரில் இண்டெக்ஸ் ஆனது’, ‘டிஓஐ (கட்டுரைக்கான இணைய அடையாள எண்) உண்டு’, ‘ஐஎஸ்எஸ்என் (ஜர்னலுக்கான பதிவெண்) உண்டு’ என்பவை எதையும் நிரூபிக்காது. அவற்றுக்குத் தரப் பரிசீலனை எதுவும் கிடையாது. அமெரிக்க மருத்துவ நூலகத்தின் என்எல்எம் கேட்டலாக் பக்கத்தில் ஜர்னலின் ஐஎஸ்எஸ்என் எண்ணைப் போட்டுப் பாருங்கள். தற்போது மெட்லைனுக்காக இண்டெக்ஸ் செய்யப்படுகிறது என்ற வரி இருக்க வேண்டும். ஸ்கோபஸ் என்றால் அதன் இலவச ஆதாரப் பட்டியலில், சேர்ப்பு இன்னும் தொடர்கிறதா, எந்த ஆண்டோடு நிறுத்தப்பட்டது என்பதைப் பாருங்கள். சின்னத்தைப் போட்டுவிட்டு, நீக்கப்பட்ட பிறகும் எடுக்காத ஜர்னல்கள் இருக்கின்றன. தலைப்பு ஒரே மாதிரி இருந்தும் ஐஎஸ்எஸ்என் வேறாக இருந்தால் அது வேறு ஜர்னல், சில நேரம் நகல் தளம்.

வெளியான பின் பப்மெட்டில் உங்கள் பதிவை ஒருமுறை திறந்து பாருங்கள். மெஷ் சொல் தவறாக இடப்பட்டிருந்தால் பிஎம்ஐடி எண்ணோடு மருத்துவ நூலகத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதலாம், பிழை உறுதியானால் திருத்துவார்கள். தலைப்பிலோ ஆசிரியர் பெயரிலோ பிழை என்றால் பதிப்பகத்துக்கு எழுத வேண்டும், அந்தப் பகுதிகளைத் திருத்தும் வசதி அவர்கள் கையில்தான் இருக்கிறது.